அவுட்டோருக்கு ஒரு இடம்

ஏசி வாங்கப் போற யாரையாவது நிறுத்திக் கேட்டுப் பாருங்க. எத்தனை டன், எத்தனை ஸ்டார், வைஃபை இருக்கா, எந்தக் கார்டுக்கு எவ்ளோ தள்ளுபடி... எல்லாம் விரல் நுனியில வச்சிருப்பாங்க.

"சரி, அவுட்டோரை எங்க வைக்கப் போறீங்க?"

"அதெல்லாம் மாட்ட வர்ற பையன் பாத்துப்பான்."

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எரிச்சலாகித்தான் உக்காந்து எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போகும். காபி எடுத்துட்டு வந்துடுங்க.

மாட்ட வர்ற பையன் எப்படிப் பாத்துக்கறான்னு போன வாரம் எங்க எதிர் பிளாக்குல பாத்தேன். மூணாவது மாடி. இருபது, இருபத்திரண்டு வயசு இருக்கும். பெட்ரூம் ஜன்னல் வழியா வெளிய இறங்கி, சன்ஷேடு மேல நிக்கிறான். கயிறு இல்ல, பெல்ட் இல்ல. கால்ல ஹவாய் செருப்பு. ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடிச்சிருக்கு, இன்னொரு கையில ஸ்பேனர். உள்ள இருந்து வீட்டுக்காரர் "பாத்து தம்பி, பாத்து தம்பி"ன்னு சொல்லிட்டே இருக்கார். (எதைப் பாக்கறது? கீழயா?)

சன்ஷேடுங்கறது மழைத் தண்ணியும் வெயிலும் ஜன்னலுக்குள்ள வராம இருக்கப் போட்டது. சுவத்துலேர்ந்து ஒண்ணரை, ரெண்டடி வெளிய நீட்டிட்டு இருக்கும். ரெண்டு மூணு இன்ச்சு கனம், உள்ள மெல்லிசா கம்பி. நாங்க இருக்கறது திருவான்மியூர், கடல் காத்து. இங்க பழைய கட்டடத்துல பாதிக்கு சன்ஷேடு அடியில பூச்சு உதிர்ந்து, துரு ஏறின கம்பி வெளிய தெரியும். அதுமேல முப்பது முப்பத்தஞ்சு கிலோ அவுட்டோரை வச்சு, பக்கத்துலயே ஒரு ஆளையும் நிக்க வைக்கறோம். மாட்டற அன்னிக்கு மட்டும் இல்ல. தண்ணி அடிச்சுக் கழுவ, கேஸ் செக் பண்ண, கெபாசிட்டர் போச்சுன்னா மாத்த, ஏழெட்டு வருஷத்துக்கு யாராவது ஒரு பையன் அங்க இறங்கிட்டேதான் இருப்பான்.

அதனால நான் ஒரே ஒரு கேள்வி வச்சிருக்கேன். இந்த இடத்துல ஒருத்தன் ரெண்டு காலும் தரையில ஊனி நின்னு அவுட்டோரைத் திறந்து வேலை பாக்க முடியுமா? முடியும்னா அது இடம். முடியலேன்னா எவ்ளோ வசதியா, எவ்ளோ மறைவா இருந்தாலும் அது இடமே இல்ல. இதுல ஒரு லாபமும் இருக்கு. ஆள் நிக்க இடம் இருந்தா, பெரும்பாலும் காத்து போக வரவும் இடம் இருக்கும். அவுட்டோருக்கு அதுதான் முக்கியம்.

ஏன்னு சொல்றேன். ஏசி குளிரை "உண்டாக்கறது" இல்ல. ரூம்ல இருக்கற சூட்டை அள்ளிட்டுப் போய் வெளிய கொட்டுது, அவ்ளோதான். 1.5 டன் ஏசி முழுசா ஓடறப்ப ரூம்லேர்ந்து 5 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல சூட்டை எடுக்குது. அதுக்குத் தின்ற கரன்ட் ஒண்ணரை கிலோவாட் சொச்சம். அதுவும் சூடா மாறி வெளியதான் போகும். ஆக அந்த வெள்ளை டப்பாவுலேர்ந்து வெளிய வர்றது ஆறரை கிலோவாட்டுக்கு மேல. 3 கிலோவாட் கீசர் ரெண்டை ஒண்ணா ஓட விட்டாக்கூட அவ்ளோ சூடு வராது. இது தப்பிச்சுப் போக வழி வேணுமா வேணாமா?

எங்க அபார்ட்மென்ட்டுல பில்டர் ரொம்ப நல்ல மனசோட அவுட்டோருக்குன்னே ஒரு இடம் கொடுத்திருக்கார். டக்ட். பாத்ரூம் பைப்பெல்லாம் இறங்குமே, அந்த நாலுபக்கமும் சுவர் எழும்பின குழி. "வெளிய தெரியாது மேடம், எலிவேஷன் நீட்டா இருக்கும்"னு அப்பவே சொன்னாங்க. கீழ் வீடு, எங்களுக்கு மேல் வீடு எல்லாம் அங்கதான் மாட்டியிருக்காங்க.

எனக்கு சந்தேகம். ஒரு ராத்திரி எல்லா ஏசியும் ஓடிட்டு இருக்கறப்ப பாத்ரூம் ஜன்னல் வழியா ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி டக்டுக்குள்ள நீட்டினேன். (மாமனார் பாத்துட்டு ஒண்ணும் கேக்கல. கேக்காம போனதுதான் கவலையா இருந்துச்சு.) கீழ் வீட்டு அவுட்டோர் ஊதற காத்துல மாட்டின புகை எதிர்ச் சுவத்துல மோதி, அப்படியே மேல ஏறி, மேல் வீட்டு அவுட்டோரோட முதுகுப் பக்கம் திரும்பி உள்ள போச்சு. கண்ணால பாத்தேன். ஒருத்தர் குளிச்ச தண்ணியில அடுத்தவர் குளிக்கற கதை.

அவுட்டோர் ஊதற காத்து, உள்ள இழுத்த காத்தை விடப் பத்து, பதினஞ்சு டிகிரி சூடா இருக்கும். வெளிய 38 டிகிரின்னு வச்சுக்கங்க. அதை இழுத்த கீழ் வீட்டு அவுட்டோர் ஏறக்குறைய 50-ல ஊதும். அது கொஞ்சம் கலந்துதான் மேல போகும், ஆனாலும் மேல் வீட்டு மெஷின் இழுக்கற காத்து சுலபமா 45-ஐத் தொடும். நுங்கம்பாக்கத்துல பதிவான உச்ச வெப்பமே 2003 மே 31-ல 45 டிகிரிதான். நம்ம டக்டுல அதைக் கத்திரி இல்லாமலே கொண்டு வந்துடறோம்! ஒவ்வொரு மாடலுக்கும் இத்தனை டிகிரி வரைக்கும்தான் ஓடும்னு ஒரு உச்சவரம்பு உண்டு. அதை நெருங்க நெருங்க கரன்ட் அதிகமா இழுக்கும், குளிர் குறையும். பழைய மாடலா இருந்தா கம்ப்ரசர் சூடாகி நின்னுடும். இன்வெர்ட்டரா இருந்தா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கும். மேல் வீட்டு அக்கா ரெண்டு வருஷமா "கேஸ் கம்மியா இருக்கு போல"ன்னு ஆளைக் கூப்பிட்டுட்டே இருக்காங்க. கேஸ் நல்லாத்தான் இருக்கு. காத்துதான் இல்ல.

இந்த டக்டோட தங்கச்சிதான் புது ஃபிளாட்டுல வர்ற லூவர். அவுட்டோர் தெரியக் கூடாதுன்னு முன்னாடி சாய்வா பட்டை பட்டையா அலுமினியம் அடிச்சு மூடிடறாங்க. பாக்க அழகுதான். ஊதற காத்து பட்டையில முட்டித் திரும்பி வந்து பின்னாடி வழியா மறுபடியும் உள்ள போகும். மறைக்கணும்னா பட்டைக்கு நடுவுல நல்லா இடைவெளி விடணும், படுக்கை வசத்துல இருக்கணும், கழட்டி மாட்ட முடியணும். இந்த மூணும் இருக்கற லூவரை நான் இன்னும் பாக்கல.

அடுத்து மொட்டை மாடி. நல்ல இடம்தான். காத்து தாராளம், ஆள் சம்மணம் போட்டு உக்காந்தே வேலை பாக்கலாம். வெயில் படுமேன்னு பயப்படுவாங்க. மூச்சு முட்டற நிழலை விடக் காத்தோட்டமான வெயில் எவ்வளவோ தேவலாம். மேல ஒரு தகடு வேணா போட்டுக்கலாம், நாலு பக்கமும் திறந்து இருக்கணும். ஆனா நாங்க ரெண்டாவது மாடி, மொட்டை மாடி எங்களுக்கு ரொம்ப மேல. ஏசியோட மூணு மீட்டர் காப்பர் பைப்தான் பொதுவா தருவாங்க, அதுக்கு மேல மீட்டருக்கு இவ்ளோன்னு காசு. காசு கூடப் பரவாயில்ல. பைப் நீள நீளக் குளிர் குறையும், கேஸ் கூடுதலா ஏத்தணும், கம்ப்ரசர் எண்ணெய் அவ்ளோ உயரம் திரும்பி ஏறணும். எத்தனை மீட்டர் வரைக்கும் போகலாம், எவ்ளோ உயரம் ஏத்தலாம்னு ஏசியோட வர்ற புஸ்தகத்துல போட்டிருக்கும். (அந்தப் புஸ்தகத்தைப் பிரிச்சுப் பாத்த முதல் ஆள் எங்க தெருவுலயே நான்தான்னு நினைக்கிறேன்.) மேல் மாடிக்காரங்களுக்கு மொட்டை மாடியைக் கண்ணை மூடிட்டு சொல்வேன். எங்களுக்கு ஒத்து வராது.

வெளிச்சுவத்துல ஸ்டாண்ட் அடிச்சு மாட்டறதுதான் ஊர் வழக்கம். "எல்லாரும் அப்படித்தான மேடம் மாட்டறாங்க?" உண்மைதான். 2024 ஆகஸ்ட்ல தில்லி கரோல் பாக்ல அப்படி மாடியில இருந்த ஒரு அவுட்டோர் கீழ விழுந்துச்சு. தெருவுல ஸ்கூட்டர்ல உக்காந்து சிநேகிதன்கிட்ட பேசிட்டு இருந்த 18 வயசுப் பையன் தலையில. அந்தப் பையன் செத்துட்டான். அந்த சிசிடிவி வீடியோ எல்லார் ஃபோனுக்கும் வந்துச்சு. நான் ஒரு தடவைக்கு மேல பாக்கல.

சுவத்துலதான் மாட்டியாகணும்னா எந்தச் சுவர்னு பாக்கணும். கான்கிரீட் பீம், தூண், ஒன்பது இன்ச்சு செங்கல் சுவர்னா பரவாயில்ல. ஹாலோ பிளாக்ல ஆங்கர் போல்ட் அடிச்சா, உள்ள விரியறதுக்குப் பிடிமானம் இல்லாம வெத்து இடத்துல சுத்தும். முறுக்க முறுக்க இறுகாம சுத்திட்டே இருந்தா, அங்கயே நிறுத்திடணும். "பூச்சு வச்சுக்கலாம் மேடம்"னு சொன்னாலும் விடாதீங்க. பூச்சு போல்ட்டைப் பிடிக்காது. அப்புறம் துரு. ஸ்டாண்ட் பளபளன்னு பெயின்ட்டோட இருக்கும், அதைத் தாங்கற போல்ட் உள்ளுக்குள்ளயே அரிச்சுப் போயிருக்கும். கடலோரம்னா போல்ட், நட்டு, வாஷர் மூணும் ஸ்டெயின்லெஸ்தான். சில நூறு ரூபா சமாச்சாரம், நாப்பதாயிரம் ரூபா ஏசி.

இன்னொண்ணு நம்பவே மாட்டீங்க. அவுட்டோரை ஸ்டாண்டு மேல வச்சுட்டு, கால்ல இருக்கற நாலு ஓட்டையிலயும் போல்ட் போடாம போறவங்க இருக்காங்க. "வெயிட்லயே நிக்கும் மேடம்." நிக்கும். 2016 டிசம்பர் 12-ல வர்தா புயல் வந்தப்ப மரமே நிக்கல. உங்க வீட்டு அவுட்டோர் கண்ணுக்கு எட்டற தூரத்துல இருந்தா இப்பவே போய் அந்த நாலு காலையும் பாருங்க. நான் காத்திருக்கேன்.

(பாத்தாச்சா? எத்தனை கால்ல போல்ட் இருந்துச்சுன்னு கமென்ட்ல சொல்லுங்க.)

சிங்கப்பூர்ல இருக்கற சித்தப்பா பொண்ணுகிட்ட இதைச் சொன்னா சிரிக்கறா. அங்க பயிற்சி முடிச்சவங்களைத்தான் மாட்டக் கூப்பிடணும், துருப்பிடிக்காத ஸ்டாண்ட்தான் போடணும்னு சட்டமே இருக்காம். இங்க யார்கிட்ட டிரில் மிஷின் இருக்கோ அவர் டெக்னீஷியன்.

ஆக எனக்கு மிச்சம் பால்கனி. ஹாலை ஒட்டி நாலடி அகலத்துல ஒண்ணு இருக்கு. ரெண்டரை அடிக்குக் கைப்பிடிச் சுவர், அதுக்கு மேல கூரை வரைக்கும் கம்பி கிரில். தரையில வச்சா அந்தச் சுவத்துலயே ஊதி, சூடு அத்தனையும் திரும்பி வரும். அப்போ அவுட்டோரையே ரெண்டரை அடிக்கு மேல தூக்கிட்டா? ஊதறது கிரில் வழியா நேரா தெருவுக்குப் போயிடும். சர்வீஸுக்கு வர்றவன் பால்கனித் தரையில நின்னா நெஞ்சு உயரத்துல மெஷின். ஸ்டாண்டுக்காகச் சுவத்துல ஒரு ஓட்டைகூட வேணாம், வெயிட் முழுக்கத் தரையில.

இதுல ஒரு எச்சரிக்கை. எங்களுக்கு முழு கிரில் இருக்கறதாலதான் இது சரி. திறந்த பால்கனியா இருந்து வீட்டுல சின்னப் புள்ளைங்களும் இருந்தா, கைப்பிடிச் சுவர் பக்கத்துல அவுட்டோரை வைக்கவே வைக்காதீங்க. புள்ளைங்களுக்கு அது படி. ஏறி நின்னா சுவர் முட்டி உயரம்தான். ஜப்பான்ல இப்படி ஏறி விழற விபத்து நடந்து, கைப்பிடியிலேர்ந்து 60 சென்டிமீட்டராவது தள்ளி வைங்கன்னு சொல்றாங்க. நம்ம ஊர்ல செடித் தொட்டி, பழைய பேப்பர் கட்டு, ஸ்டூல் எல்லாத்தையும் அந்த மூலையிலதான வைக்கறோம். அதையும் சேத்து நகர்த்துங்க.

ரெண்டரை அடி ஸ்டாண்ட் கடையில ரெடிமேடா கிடைக்கல. நம்ம பக்கத்துல இருக்கற வெல்டிங் பட்டறை அண்ணன்கிட்ட போனேன். பேப்பர்ல படம் போட்டுக் காட்டினேன். வாங்கிப் பாத்துட்டு, "இது என்னம்மா, தண்ணி டிரம் வைக்கவா?"ன்னு கேட்டார். ஏசிக்குன்னதும் ஆளே மாறிட்டார். ஜிஐ ஆங்கிள்ல பண்ணலாம், ஆனா வெல்டிங் வச்ச இடத்துல ஜிங்க் எரிஞ்சு போயிடும், மொத துரு அங்கதான் பிடிக்கும்னு அவரேதான் சொன்னார். ஒவ்வொரு ஜாயின்ட்டையும் கம்பி பிரஷ் போட்டுத் தேச்சு, ஜிங்க் பெயின்ட் ரெண்டு கோட்டு அடிச்சுக் கொடுத்தார். கால் நாலுலயும் சின்னத் தகடு வச்சு தரையோட போல்ட். ஆடக் கூடாதுன்னு நடுவுல குறுக்கா ஒரு பட்டை. அவுட்டோர் காலுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல ரப்பர் புஷ், இல்லேன்னா அதிர்வு தரை வழியா கீழ் வீட்டுக்கு இறங்கும். கம்பெனி ஸ்டாண்டுக்கு ஆகியிருக்கறதைப் போல ரெண்டு மடங்கு செலவு. சந்தோஷமாக் கொடுத்தேன்.

பின்பக்கம் சுவத்துக்கும் அவுட்டோருக்கும் முக்கால் அடி விட்டோம். அங்கதான் காத்தை இழுக்கும். பைப் மாட்டற பக்கம் ரெண்டடி, ஸ்பேனர் திருப்பக் கை போகணுமே. மாடலுக்கு மாடல் இந்த அளவெல்லாம் மாறும், மறுபடியும் அந்தப் புஸ்தகம்தான்.

மாட்ட வந்த அன்னிக்குதான் நிஜ சண்டை.

ரெண்டு பசங்க. பைப்பை மாட்டி, ஃபிளேர் நட்டை இறுக்கி, அவுட்டோர் வால்வை லேசாத் திறந்து இன்னொரு பக்கம் "புஸ்ஸ்"னு காத்தை வெளிய விடப் போனாங்க.

"தம்பி, வேக்குவம் பம்ப் எங்க?"

"கேஸ் விட்டே ஏர் எடுத்துடலாம்க்கா. எல்லா வீட்டுலயும் அப்படித்தான்."

பைப்புக்குள்ள இருக்கற காத்தையும் ஈரத்தையும் பம்ப் வச்சு உறிஞ்சி எடுக்கணும். உறிஞ்சினதும் பம்ப்பை நிறுத்திட்டு கேஜ் முள்ளு அப்படியே நிக்குதான்னு பாக்கணும். முள்ளு மெல்ல ஏறினா எங்கயோ லீக்கு. இதைப் பண்ணாம கேஸையே ஊதிக் காத்தைத் தள்ளினா, கொஞ்சம் ஈரம் உள்ள தங்கிடும். அது கம்ப்ரசர் எண்ணெயோட சேந்து அமிலமாகி உள்ளுக்குள்ள அரிக்கும். முதல் வருஷம் தெரியாது, வாரன்டி முடிஞ்சப்புறம் தெரியும். அதோட இப்ப வர்ற பெரும்பாலான ஏசியில இருக்கறது ஆர்-32. பழைய ஆர்-22 மாதிரி இல்ல, இது லேசாத் தீப்பிடிக்கும். ஆர்-290-ன்னா அது புரோபேனேதான், சமையல் கேஸோட நெருங்கின சொந்தம். அதை மூடின இடத்துல புஸ்ஸுன்னு விடறது சரியில்ல. பால்கனியில அடுப்பு, சிலிண்டர் வச்சிருக்கறவங்க அதே மூலையில அவுட்டோரை வைக்கறதும் சரியில்ல.

"பம்ப் வண்டியில இல்லக்கா."

"பரவாயில்ல தம்பி. எடுத்துட்டு வாங்க, நான் எங்கயும் போகல."

ஆபீசுக்கு ஃபோன் போட்டாங்க. "ஒரு மேடம் வேக்குவம் கேக்கறாங்க"ன்னு சொல்ற குரல்ல இருந்த வேதனை இருக்கே! டீ போட்டுக் கொடுத்தேன், முறுக்கு கொடுத்தேன். சாயங்காலம் பம்ப் வந்துச்சு. வேக்குவம் எடுக்க அரை மணி நேரம்கூட ஆகல. பசங்க மேல எனக்குக் கோவமே இல்ல. ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்கணும்னு அவங்களை ஓட விடறவங்க யாரோ, கோவமெல்லாம் அவங்க மேல.

கரன்ட் விஷயத்துல சுருக்கமா. ஏசிக்குத் தனி லைன். எங்க 1.5 டன்னுக்கு எலக்ட்ரீஷியன் 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் இழுத்து, தனி எம்சிபி போட்டார். எர்த் இருக்கான்னு டெஸ்ட் பண்ணிக் காட்டச் சொன்னேன். அவுட்டோர் முழுக்கத் தகரம், மழையில நனையற சாமான், எர்த்தும் ஆர்சிசிபியும் இல்லாம அதைத் தொடறவன் கதி என்ன? இன்டோர்லேர்ந்து அவுட்டோருக்குப் போற வயர்ல நடுவுல ஜாயின்ட் இருக்கக் கூடாது. முறுக்கி டேப் சுத்தின ஜாயின்ட்தான் முதல்ல கருகும். சுவத்து ஓட்டை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிவா இருக்கணும், பைப்பை வெளிய ஒரு வளைவு கீழ விட்டு மேல ஏத்தணும். இல்லேன்னா ஐப்பசி மழை அந்தப் பைப்பைப் பிடிச்சுட்டே நடந்து ஹாலுக்கு வந்துடும். டிரெயின் தண்ணி கீழ் வீட்டுத் துணி மேல சொட்டக் கூடாது. நான் ஸ்டாண்டு அடியிலயே பக்கெட் வச்சுட்டேன். சென்னைப் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில பக்கெட் நெறைஞ்சுடுது, வீடு துடைக்க ஆச்சு.

பால்கனியில துணி இப்ப அரை மணியில காயுது. துளசிதான் ரெண்டே நாள்ல வாடிப் போச்சு, சமையல்கட்டு ஜன்னலுக்கு இடம் மாத்தினேன். மாமனார் சேர் போட்டு பேப்பர் படிக்கற இடமும் போச்சு. அதுக்கு இன்னும் சமாதானம் ஆகல.

வாடகை வீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிட்டு முடிச்சுக்கறேன். ஏசியைக் கழட்டறப்ப கேஸை அவுட்டோருக்குள்ள இழுத்து அடைச்சுட்டுத்தான் கழட்டணும். பம்ப் டவுன்னு சொல்வாங்க. மெல்லிசு பைப்போட வால்வை முதல்ல மூடி, கம்ப்ரசரைக் கொஞ்ச நேரம் ஓட விட்டு, தடிச்ச பைப்போட வால்வையும் மூடி, உடனே ஏசியை அணைச்சு, அப்புறம்தான் பைப்புல ஸ்பேனரே வைக்கணும். கம்ப்ரசர் ஓடறப்பவே பைப்பைக் கழட்டினா உள்ள வெளிக்காத்து போகும். எண்ணெய், காத்து, அந்த அழுத்தம் மூணும் சேந்தா கம்ப்ரசர் வெடிக்கும். ஆளைக் கொல்ற அளவுக்கு வெடிக்கும். பேக்கர்ஸ் அண்டு மூவர்ஸ்காரங்க "நாங்களே கழட்டிடறோம் சார்"னு சொன்னா, ஏசி ஆள்தானான்னு கேட்டுட்டு விடுங்க. சுவத்து ஓட்டையை அடைக்க வீட்டு ஓனர் அட்வான்ஸ்ல எவ்ளோ பிடிப்பார்னு என்னைக் கேக்காதீங்க, அதுக்கு எந்தப் புஸ்தகத்துலயும் அளவு கிடையாது.